நீருக்குள் ஒரு நீல ஒளி
(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும், ஆனால் கரும்பலகையும் சூத்திரமும் கூடாது என்பது காரியதரிசி அவர்கள் எனக்கு இட்ட நிபந்தனை. அவ்விரண்டையும் விட்டு விஞ்ஞானம் பேசுவது உப்பில்லாமற் கறி சமைப்பது போன்றது. எனினும் முயன்று பார்க்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஒளி. அணுவுலையின் அடியில், ஆழ்ந்த நீருக்குள்ளே, தீயுமின்றிப் புகையுமின்றி இரவு பகலாக நின்று ஒளிரும் நீல ஒளி. உங்களிற் பலர் அதனைப் படங்களிலே கண்டிருப்பீர்கள். கண்டவுடன் ‘என்ன அழகு!’ என்கிறோம், அடுத்த கணமே ‘எவ்வளவு ஆபத்தோ!’ என்கிறோம். இவ்விரண்டில் எது எவ்வளவு உண்மை என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

பம்பாயை அடுத்த துரொம்பேயில் இந்தியாவின் முதலாவது அணுவுலை 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4ஆம் திகதி இயங்கத் தொடங்கிற்று. அது கேணி போன்ற ஓர் அமைப்பு. நீர் நிறைந்த ஆழமான தொட்டி. அதற்குள்ளே இறக்கிவைக்கப்பட்ட யுரேனிய எரிபொருள். மேலே நின்று குனிந்து பார்த்தால் அடியிலே நீல ஒளி. 1957ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்த பிரதமர் நேரு அதற்கு ‘அப்சரா’ என்று பெயர் சூட்டினார். அந்த ஒளியின் அழகு கண்டே அப்பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தபின் 2009ஆம் ஆண்டில் அவ்வுலை ஓய்வு பெற்றது. 2018இல் அதே இடத்தில் அதன் வழித்தோன்றல் ஒன்று இயங்கத் தொடங்கியது.

பெயர் பொருத்தமானதே. பாற்கடலைக் கடைந்தபோது அரம்பையர் தோன்றினர். அதே கடலிலிருந்து ஆலகால நஞ்சும் தோன்றிற்று. அழகும் நஞ்சும் ஒரே கடைசலிற் பிறந்தவை என்பது நம்முடைய கதை. ஆனால் இந்த உவமையை இதற்குமேல் நான் நீட்டமாட்டேன். புராணத்துக்குள்ளே அணுவிஞ்ஞானத்தைத் தேடுவது இப்போது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அதனாற் புராணத்துக்கும் பெருமையில்லை, விஞ்ஞானத்துக்கும் பயனில்லை.

இவ்வொளியின் இரகசியத்தைக் கண்டவர் பாவெல் செரன்கோவ் என்னும் ருஷ்யர். 1904ஆம் ஆண்டில் வொறோனெஷ் பகுதியில் ஒரு குடியானவக் குடும்பத்திலே பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் லெனின்கிராட் நகரிலே சேர்கே வவிலோவ் என்னும் பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். யுரேனிய உப்புக் கரைசலின்மீது றேடியத்தின் காமாக் கதிர்கள் பட்டால் அது எவ்வாறு ஒளிர்கிறது என்று பார்ப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த ஒளியோ மிக மங்கலானது. அதனை அளப்பதற்குத் தக்க கருவி அக்காலத்தில் இல்லை, கண்ணே கருவி. ஆகவே செரன்கோவ் நாள்தோறும் இருட்டறைக்குட் சென்று, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சும்மா உட்கார்ந்திருப்பார். கண் இருளுக்குப் பழகிய பின்னரே பரிசோதனை தொடங்கும். இன்றைய இளைஞர்களில் எத்தனை பேர், கையிலே தொலைபேசி இல்லாமல், ஒரு மணி நேரம் இருட்டிலே உட்கார்ந்திருப்பீர்கள்?

அப்படி இருந்து பார்த்தபோதுதான் ஒரு தொல்லை எழுந்தது. உப்பை எடுத்துவிட்டு வெறும் நீரை வைத்தாலும் ஒளி வந்தது. நீரைத் தூய்மையாக்கிப் பார்த்தார், மற்றத் திரவங்களை வைத்துப் பார்த்தார், சூடாக்கிப் பார்த்தார். ஒளி போகவில்லை. இத்தகைய ஒளியை வேறு சிலரும் முன்னரே கண்டதுண்டு. மேரி கியூரி அம்மையார் தம்முடைய றேடியக் கரைசல்களில் நீலச்சாயை இருப்பதைக் கண்டிருந்தார். மலே என்னும் பிரெஞ்சுக்காரர் 1920களில் அதனை ஆராய்ந்தும் இருந்தார். ஆயினும் ‘ஏதோ அழுக்கு ஒளிர்கிறது’ என்று எண்ணி உலகம் அதனைக் கடந்து சென்றுவிட்டது. செரன்கோவ் கடந்து செல்லவில்லை. 1934இல் தம் முடிவை வெளியிட்டார். காமாக் கதிர்களால் உதைபட்டு ஓடும் இலத்திரன்களே ஒளிக்குக் காரணமாகலாம் என்று வவிலோவ் கருதினார். 1937இல் பிராங்கு, தாம் என்னும் இருவர் அதற்கு முழுமையான கணித விளக்கம் தந்தனர். அதே ஆண்டில் செரன்கோவ் எழுதிய கட்டுரையை இங்கிலாந்தின் பெயர்பெற்ற விஞ்ஞானச் சஞ்சிகை ஏற்க மறுத்துவிட்டது. அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றே அதனை வெளியிட்டது. 1958இல் செரன்கோவ், பிராங்கு, தாம் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வழிகாட்டிய வவிலோவ் 1951இலேயே காலமாகிவிட்டார். இறந்தோருக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. ருஷ்ய நாட்டார் இன்றும் இதனை ‘வவிலோவ்–செரன்கோவ் ஒளி’ என்று சொல்லுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சரி, அவர்கள் கண்ட விளக்கம் என்ன?

ஒளியைவிட வேகமாக எதுவும் செல்லாது என்று பள்ளிக்கூடத்திலே படித்திருப்பீர்கள். அது வெற்றிடத்து ஒளியைப் பற்றிய பேச்சு. வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். நீருக்குள் புகுந்தாலோ அதன் நடை தளர்கிறது. செக்கனுக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீற்றர்தான். நீருக்குள்ளே அந்த வேகத்தை மிஞ்சி ஓடுவதற்கு இலத்திரனுக்குத் தடையொன்றும் இல்லை. இயற்கையின் சட்டம் மீறப்படவில்லை. சட்டத்தின் வாசகத்தை நாம் சரியாகப் படிக்கவேண்டும், அவ்வளவே.

ஒளியை முந்தும் இலத்திரன் என்ன செய்யும்? அமைதியான கடலேரியில் ஒரு வள்ளத்தை மெல்லச் செலுத்துங்கள். அது எழுப்பும் சிற்றலைகள் வள்ளத்துக்கு முன்னாலேயே ஓடிப் பரந்து மறைந்துவிடும். அதே இடத்தில் இயந்திரப் படகை விரைந்து செலுத்துங்கள். அலைகளால் படகை முந்த இயலாது. அவை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து, படகின் இரு மருங்கும் ஆப்பு வடிவில் ஒரே பேரலையாய் விரிந்து, கரையிலே கட்டியிருக்கும் வள்ளங்களையும் ஆட்டிவிடும். இலத்திரன் நீரினூடே பாயும்போது வழியிலுள்ள நீர் மூலக்கூறுகளைச் சற்று அசைத்துவிட்டுப் போகிறது. அவை பழைய நிலைக்கு மீளும்போது நுண்ணிய ஒளியலைகள் எழுகின்றன. இலத்திரன் மெதுவாக ஓடினால் அவ்வலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒளியை முந்தி ஓடினால் அவை அழியாமல் ஒன்றுகூடிப் பேரலையாகின்றன. அந்தப் பேரலைதான் நாம் காணும் ஒளி.

நிறம் ஏன் நீலம் என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். இவ்வொளியில் எல்லா நிறங்களும் உண்டு. ஆனால் அலைநீளம் குறையக் குறைய ஒளி மிகும். ஆகவே சிவப்பிலும் நீலம் மிகுதி. நீலத்திலும் ஊதா கடந்த ஒளி மிகுதி. அதனைக் காணும் ஆற்றல் நம் கண்ணுக்கு இல்லை. போதாததற்கு நீரும் சிவப்பையே கூடுதலாக உறிஞ்சுகிறது. எஞ்சி நம்மை வந்து அடைவது நீலம்.

இங்கே உலையின் கதைக்குள் நம் நாடும் ஒருவாறு வருகிறது. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலைஞானி என்றே நாம் அறிவோம். அவர் முதலிற் பயின்றது புவிச்சரிதவியல். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயும் இருந்தவர். 1904ஆம் ஆண்டளவில் சப்பிரகமுவாவின் இரத்தினக்கற் படிவுகளில் கறுத்த, பாரமான கனிப்பொருள் ஒன்று அவருடைய கவனத்துக்கு வந்தது. இலண்டனில் ஆராய்ந்தபோது அது தோரியம் மிகுந்த புதிய கனிப்பொருள் என்று தெரியவர, அதற்குத் ‘தோரியனைற்று’ என்று பெயரிட்டனர். அந்த இலங்கைக் கனிப்பொருளிலிருந்து பிரித்தெடுத்த சரக்கை இலண்டனிலே சேர் வில்லியம் ராம்சே ஓர் இளம் ஜெர்மானியரின் கையிற் கொடுத்து, றேடியத்தைப் பிரித்தெடுக்கச் சொன்னார். அவ்விளைஞர் றேடியத்தோடு நில்லாமல், புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் ஒன்றையும் கண்டுபிடித்தார். இரசாயனத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக எண்ணியிருந்த அவர் அதன்பின் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியிலேயே நின்றுவிட்டார். அவர்தாம் ஒற்றோ கான். 1938ஆம் ஆண்டின் இறுதியிலே ஸ்திராசுமன் என்பவரோடு சேர்ந்து யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டவர் அவரே. அக்கண்டுபிடிப்பின் பொருள் இன்னதென்று விளக்கியவர்கள், இற்லரின் ஆட்சிக்குத் தப்பி வெளியேறியிருந்த லீசு மைற்னர் அம்மையாரும் அவருடைய மருகர் பிரிசும். சப்பிரகமுவாவின் கல்லொன்று உலக சரித்திரத்தில் இத்தனை தூரம் உருண்டிருக்கிறது.

அணு பிளந்தால் துண்டுகள் மிஞ்சும். அத்துண்டுகளிற் பெரும்பாலானவை நிலையற்றவை. பீற்றாக் கதிரையும் காமாக் கதிரையும் வீசி வீசித்தான் அவை அமைதியடைகின்றன. காமாக் கதிர் நீரிலுள்ள இலத்திரனை மோதித் தள்ளுகிறது, தள்ளுண்ட இலத்திரன் ஒளியை முந்துகிறது, நீலம் பிறக்கிறது. இதனால் ஒரு விடயம் விளங்கும். உலையை நிறுத்திவிட்டாலும் ஒளி உடனே மறையாது. பிளவு நின்றாலும் துண்டுகளின் அமைதியின்மை நிற்பதில்லை. உலையை நிறுத்திய கணத்திலே அதன் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவு எஞ்சியிருக்கும். நாளாக ஆகத்தான் குறையும். ஆதலாலே எரித்து முடிந்த எரிபொருளையும் பல ஆண்டுகள் நீருக்குள் வைத்துக் காக்கவேண்டியிருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் அக்கேணிகளின் மேலே நின்று, இந்த நீல ஒளியைக் காட்டும் விசேட கருவியாற் பார்த்து, கணக்கிற் சொன்ன எரிபொருள் உண்மையாகவே இருக்கிறதா, அல்லது யாரேனும் எடுத்துவிட்டு வெறும் போலிக் கோலை வைத்திருக்கிறார்களா என்று சரிபார்க்கிறார்கள். பொய்க்கோல் ஒளிராது.

இனி, ஆபத்தைப் பற்றி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். நீல ஒளி நம்மை ஒன்றும் செய்யாது. அது வெறும் வெளிச்சம். கேடு செய்யவல்லது அவ்வொளியை எழுப்பும் கதிர். அந்தக் கதிரையோ நீர் தடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 10 சதமமீற்றர் நீர் காமாக் கதிரின் வலிமையைப் பாதியாக்கும் என்று பொதுப்படக் கொள்ளலாம். அடுத்த 10 சதமமீற்றர் அந்தப் பாதியையும் பாதியாக்கும். இப்படி ஒரு மீற்றர் ஆழத்துக்குப் போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீற்றருக்குப் போனாற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கதிர் சிதறிச் செல்வதனால் உண்மைக் கணக்குச் சிறிது வேறுபடும், போக்கு இதுவே. எரிபொருட் கேணிகளிலே எரிபொருளுக்கு மேல் ஏழு மீற்றருக்குக் குறையாத நீர் வழக்கமாக நிற்கும். ஆகவே கேணிக் கரையில் நின்று அந்த ஒளியைப் பார்க்கும் ஊழியருக்கு நீரே மதில். மதிலுக்கு ஒளி ஊடுருவும் தன்மையும் இருப்பது நமது அதிர்ஷ்டம். ஈயச்சுவருக்கு அப்பால் நடப்பதைக் கண்ணாற் காண முடியாது. நீர்ச்சுவருக்கு அப்பால் நடப்பதைக் காணலாம்.

மதில் நம்பத்தக்கது, ஆனால் மதிலுக்கு அப்பால் கையை நீட்டக்கூடாது. சுவிற்சலாந்தில் லைப்ஸ்ராற் என்னும் அணுமின் நிலையத்திலே 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில், நீருக்குள் வேலை செய்த ஒரு சுழியோடி, அடியிலே கிடந்த குழாய்த் துண்டு ஒன்றைக் கையால் எடுத்துக் கூடைக்குள் வைத்தார். கூடை மேலே வந்தபோது எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. அவர் கை பெற்ற கதிரளவு ஓர் ஆண்டுக்குக் கைகளுக்கென விதிக்கப்பட்ட எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சில மீற்றர் தள்ளி நின்ற மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே நீர், ஒரே நாள், இடைவெளி மட்டுமே வேறு. நீரே இல்லாமற் போனால் என்னவாகும் என்ற அச்சத்தை உலகம் 2011 மார்ச் மாதத்திலே புக்குசிமாவில் அனுபவித்தது. அங்கு நான்காம் உலையின் கேணியில் 1,535 எரிபொருட் கட்டுகள் இருந்தன. கேணி வற்றிவிட்டதோ என்று உலகமே கலங்கிற்று. வற்றவில்லை. 2014 இறுதிக்குள் அத்தனை கட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார்கள்.

கதிரளவை இன்று ‘சீவேட்’ என்னும் அலகாற் சொல்வார்கள். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவேட். சும்மா வீட்டிலே இருக்கும் மனிதனுக்கும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் கிடைக்கிறது. கேரளத்துக் கொல்லம் கரையின் மொனசைற்று மணலில் வாழ்வோர் பரம்பரை பரம்பரையாக அதனிலும் பன்மடங்கு பெற்று வருகிறார்கள். நம் உடம்பிலேயே பொற்றாசியம் என்னும் மூலகத்தின் கதிர்வீசும் வகை சிறிதளவு இருக்கிறது; செக்கனுக்கு நாலாயிரம் அணுக்கள் அளவில் நம்முள்ளே சிதைகின்றன. அதே பொற்றாசியம் கடல்நீரிலும் உண்டு. இருண்ட ஆழ்கடலிலே நுண்துகள்களைத் தேடிக் கருவி இறக்கிய விஞ்ஞானிகளுக்கு, அப்பொற்றாசியம் எழுப்பும் செரன்கோவ் ஒளியே இடையூறாக வந்து நின்றது.

இயற்கையின் அளவுக்கும் வைத்தியத் தேவைக்கும் மேலாகப் பொதுமக்களுக்கு ஆண்டொன்றுக்கு 1 மில்லிசீவேட். கதிர்த்தொழில் புரிவோருக்கு, ஐந்தாண்டுச் சராசரியில், ஆண்டுக்கு 20 மில்லிசீவேட். இவை சர்வதேச நிபுணர் குழு வகுத்த எல்லைகள். உடல் முழுவதும் ஒரே வேளையில் நாலைந்து சீவேட், அதாவது நாலாயிரம் ஐயாயிரம் மில்லிசீவேட் பட்டாற் சிகிச்சையின்றிப் பாதிப்பேர் இறப்பர். ஒன்றுக்கும் ஐயாயிரத்துக்கும் உள்ள தூரத்தை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். ‘கதிர்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் இரண்டையும் ஒன்றாக்கி அஞ்சுவது அறியாமை; இரண்டையும் ஒன்றாக்கி அஞ்சாதிருப்பதும் அறியாமையே. இந்த எல்லைகளை மனிதர் இலவசமாகக் கற்கவில்லை. கைக்கடிகார முகப்புகளுக்கு றேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள் தூரிகையை உதட்டாற் கூராக்குமாறு பழக்கப்பட்டிருந்தார்கள். தாடையெலும்பு உருகி இறந்தார்கள். மேரி கியூரி அம்மையாரும் 1934இல் இரத்தம் ஊறாத நோயினால் மறைந்தார்.

நீரின் பின்னே நின்று பார்க்கும் நீலத்தை இதுவரை சொன்னேன். நடுவே மதிலில்லாத நீலம் ஒன்று உண்டு. 1946ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் அலமோசில் லூயி சுலொற்றின் என்னும் இளம் விஞ்ஞானி, புளூட்டோனியக் கோளத்தைச் சூழ்ந்த இரண்டு பெரிலியக் கிண்ணங்களை ஒரு திருகாணிச் சாவியினாற் பிரித்துப் பிடித்துக்கொண்டு செய்முறை காட்டினார். சாவி வழுக்கிற்று, கிண்ணம் மூடிற்று, அறையிலே நீல மின்னல் வீசிற்று. கணத்திலே கிண்ணத்தைத் தட்டிவிட்டார், மற்றவர்கள் பிழைத்தார்கள், அவர் ஒன்பதாம் நாள் இறந்தார். வயது 35. யப்பானின் தொக்கைமுரா என்னும் ஊரில் 1999 செப்டம்பர் 30இல், ஊழியர்கள் யுரேனியக் கரைசலை வாளியால் அள்ளித் தொட்டியில் ஊற்றினார்கள். அத்தொட்டிக்கு உரிய எல்லை 2.4 கிலோகிராம் யுரேனியம். ஊற்றியது 16 கிலோகிராமுக்கு மேல். நீல ஒளி பளிச்சிட்டது. இருவர் மாதக்கணக்கில் துன்புற்று மாண்டார்கள். வேலை விரைவாக முடியவேண்டும் என்று, விதித்த முறையை விட்டு வாளி முறையைப் புகுத்தியவர்கள் அவ்வூழியர்கள் அல்லர், அவர்களுடைய நிறுவனமே. இவ்விபத்துகளிற் கண்ட மின்னல் பெரும்பாலும் காற்று ஒளிர்ந்ததனால் வந்தது, செரன்கோவ் ஒளியன்று. அந்த வேறுபாடு பௌதிகவியலாருக்கு முக்கியம். அந்த அறையில் நிற்பவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் இப்பேச்சு முடியாது. அது உலையுமன்று, போர்க்கருவியுமன்று, வைத்தியசாலைக் கருவி.

பிறேசில் நாட்டிலே கோயானியா என்பது பெரிய நகரம். அங்கே கதிர்ச்சிகிச்சை நிலையம் ஒன்று வேறிடத்துக்கு மாறியபோது பழைய இயந்திரத்தை இடிந்த கட்டடத்திலேயே விட்டுச் சென்றார்கள். அதற்குள்ளே சீசியம்-137 இருந்தது. 1987 செப்டம்பர் 13இல் இருவர் அதனைப் பழைய இரும்பென்று எண்ணிக் கழற்றி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அன்றே வாந்தி தொடங்கிற்று. வைத்தியர் ஆகாத உணவால் வந்தது என்று சொன்னார். சில நாளில் உறையைத் துளைத்து, பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். இரவிலே கடைக்காரர் பார்த்தால், அந்த உறைக்குள்ளிருந்து நீல ஒளி! விலைமதிப்புள்ள ஏதோ பொருள் என்று கருதி வீட்டுக்குள் கொண்டு போனார். மூன்று நாளாக அயலாரும் உறவினரும் வந்து வியந்து பார்த்தார்கள். அரிசியளவுத் துணுக்குகளை ஆளுக்கு ஆள் கொடுத்தார். சிலர் களியாட்ட விழாவில் மினுக்குத்தூள் பூசுவதுபோல உடம்பிலே பூசிக்கொண்டார்கள். அவருடைய சகோதரன் கொண்டு சென்ற தூளோடு ஆறு வயதுப் பெண்பிள்ளை விளையாடினாள்; அதே கையால் உணவும் உண்டாள்.

நன்கு கவனியுங்கள். அங்கே யாரும் பேராசைக்காரரல்லர்; துட்டரல்லர். தமக்குக் கிடைத்த அழகிய பொருளை உறவினரோடு பகிர்ந்துகொண்டார்கள். நாமாயிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

வீட்டிலே ஒருவர் பின் ஒருவராக நோயுறுவதைக் கண்டு, இதற்கெல்லாம் அந்தத் தூளே காரணம் என்று முதலில் ஊகித்தவர் கடைக்காரரின் மனைவி. விஞ்ஞானம் படித்தவரல்லர். செப்டம்பர் 28இல், எஞ்சியதை ஒரு பையிலே போடுவித்து, கடை ஊழியர் ஒருவரோடு பஸ்சில் ஏறிச் சுகாதாரப் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் பௌதிகவியலாளர் ஒருவர் கதிரளக்கும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். இடத்தை நெருங்கு முன்னரே முள் எல்லைவரை ஓடிற்று. கருவி பழுது என்று எண்ணித் திரும்பிப் போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அப்படியே காட்டிற்று. அவர் வந்து சேர்ந்த வேளையில், தீயணைப்புப் படையினர் அந்தப் பையை எடுத்து ஆற்றிலே எறிய ஆயத்தமாக நின்றார்கள்! அவர் மறித்ததனால் ஆறு தப்பிற்று.

1,12,000 பேருக்கு மேல் விளையாட்டரங்கிலே வரிசையாக நிறுத்திப் பரிசோதிக்கப்பட்டார்கள். 249 பேரிடம் அசுத்தம் காணப்பட்டது. நால்வர் இறந்தனர்: அந்தச் சிறுமி, எஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுத்த மனைவி, கடை ஊழியர் இருவர். சிறுமியும் பெரிய தாயாரும் ஒரே நாளில், அக்டோபர் 23இல், மறைந்தார்கள். பிள்ளையை ஈயம் பதித்த பெட்டியில் அடக்கம் செய்யக் கொண்டு சென்றபோது, ‘எங்கள் மயானத்தில் வேண்டாம்’ என்று ஒரு பெருங்கூட்டம் வந்து மறித்தது. கோயானியாக்காரர் என்றால் வேறூர்களில் விடுதியில் இடங்கொடுக்க மறுத்தார்கள். அவ்வூர்ப் பொருள்களை வாங்கவும் அஞ்சினார்கள். முந்திய வாரம் அறியாமையால் அஞ்சாதிருந்தார்கள். பிந்திய வாரம் அதே அறியாமையால் அளவின்றி அஞ்சினார்கள்.

‘பிறேசில் எங்கே, நாம் எங்கே?’ என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். 2010ஆம் ஆண்டில் டில்லியில் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையிலும் இத்தகையது நடந்தது. பல்கலைக்கழகம் ஒன்று பயன்படுத்தாது வைத்திருந்த கோபாற்று-60 கருவியை ஏலத்தில் விற்றுவிட்டது. அதனைப் பிரித்த தொழிலாளரிற் பலர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். இலங்கையில் இன்றுவரை அணுமின் நிலையம் இல்லை. ஆனாற் புற்றுநோய்ச் சிகிச்சையிலும், வைத்தியப் பொருள்களைக் கிருமிநீக்குவதிலும், தொழிற்சாலைகளில் அளவை செய்வதிலும் கதிர்மூலங்கள் இங்கும் பயன்படுகின்றன. அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிப்பதற்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் பேரவையும் இருக்கிறது. சட்டம் தன் பாட்டில் இருக்கட்டும். பழைய இரும்பு சேகரிக்கும் பிள்ளைக்கு அச்சட்டம் தெரியுமா? மஞ்சள் நிலத்தில் மூன்று கறுப்பு இதழ் கொண்ட சின்னத்தை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? அது விசிறியென்று நினைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்காகவே 2007இல் புதிய சின்னம் ஒன்றையும் வகுத்தார்கள்: சிவப்பு நிலத்தில் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும் என்று பல நாடுகளில் மக்களிடம் காட்டிப் பார்த்தே அதனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தகைய சின்னத்தையோ, அளவுக்கு மீறிப் பாரமான ஈயக் கூட்டையோ, தானே ஒளிரும் தூளையோ கண்டாற் செய்யவேண்டியது அதிகமில்லை. தொடாதீர்கள், திறக்காதீர்கள், விலகி நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானாற் கதிர் நாலில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். பிறரை அணுகவிடாது ஒருவர் தூரத்தே நிற்க, மற்றவர் பொலிசுக்குச் சொல்லட்டும். தொட்டிருந்தாற் கையைக் கழுவுமுன் எதையும் உண்ணாதீர்கள். வைத்தியரிடம் போனால் ‘வாந்தி’ என்று மட்டும் சொல்லாமல், எதைத் தொட்டேன் என்பதையும் சொல்லுங்கள். சங்கத்தின் முதலுதவி வகுப்பிலே பாம்புக்கடிக்கு ஒரு பாடம் இருப்பதுபோல இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கலாமென்று காரியதரிசி அவர்களிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அவர் தலையசைத்ததைச் சாட்சிகளுடன் இங்கே பதிவு செய்கிறேன்.

கோயானியாவில் இடித்தும் தோண்டியும் அள்ளிய வீடு, மண், மரம், உடை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 3,500 கனமீற்றர் ஆயிற்று. நகரத்துக்கு வெளியே அபாதியா என்னுமிடத்தில், புல் மூடிய கொங்கிறீற்று மேடுகளுக்குள் அவற்றை வைத்திருக்கிறார்கள். சீசியம் பாதியாவதற்கு 30 ஆண்டுகள் செல்லும்; ஆகவே 2017இல் அது பாதியாயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்காக 2287ஆம் ஆண்டுவரை செல்லும். அதுவரை அங்கே ஒருவர் காவல் இருக்கவேண்டும்.